மீனுக்கு விலை வைப்பது யார்?

போஞ்சியையோ உருளைக்கிழங்கையோ மூட்டை கட்டி கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோன விவசாயிக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். விலையை அவர் சொல்வதில்லை. அங்கே அவருக்குச் சொல்லப்படுகிறது. மீனின் கதையும் அதுவே. ஆனால் இங்கே அவசரம் அதிகம். கிழங்கைச் சில நாள் வீட்டில் போட்டு வைக்கலாம். மீனைச் சில மணி நேரத்துக்கு மேல் வெறுமனே வைத்திருக்க முடியாது.

நிலத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களில் சில, கரையோரத்திலோ குளத்தருகிலோ குடியேறியபின் வலையைக் கையில் எடுக்க எண்ணுகின்றன. வலை என்ன விலை என்று விசாரிக்குமுன், மீனின் விலை எப்படி உருவாகிறது என்று விசாரிப்பது நல்லது.

பசறைப் பக்கத்து லயங்களின் வாசலில் 'பலயா' என்று விற்கப்படும் மீனைக் கரையோரத் தமிழர் சூரை என்பார்கள். அது பொத்துவில் பக்கம் பிடிபட்டால் மொனராகலை வழியாக மேலே ஏறும். மேற்குக் கரையில் பிடிபட்டால் பெரும்பாலும் பேலியகொடை மத்திய மீன் சந்தையைச் சுற்றிக்கொண்டு வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். நவம்பரில் நிலைமை மாறும். ஆகவே ஒரு கரையில் மீன் மலிந்து கிடக்கும்போது மறுகரையில் தட்டுப்பாடு.

கடல் தருவது விலையின் ஒரு பாதிதான். வள்ளங்கள் காலையில் ஒன்றாகக் கரைக்கு வருகின்றன. ஏலம் கூறும் இடத்தில் இரண்டு லொறி நின்றால் ஒரு விலை, ஒன்று நின்றால் வேறு விலை. பேலியகொடையின் அன்றைய விலை வியாபாரிக்குத் தொலைபேசியில் வந்துவிடும். அதிலிருந்து லொறிக்கூலி, ஐஸ், பழுதாகும் மீன், தன் இலாபம் அனைத்தையும் கழித்து, மிச்சத்தையே அவர் கேட்பார். மீனை நல்ல நிலையில் வைக்க, அதன் எடைக்கு ஏறக்குறையச் சமமான ஐஸ் வேண்டும். ஐஸ் உள்ளவர் அடுத்த லொறி வரும்வரை பொறுப்பார். இல்லாதவர் கேட்ட விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

2020 ஒக்டோபரில் பேலியகொடைச் சந்தையில் கொவிட் தொற்றுப் பரவி, சந்தை மூடப்பட்டது. மீனைத் தின்றால் நோய் வரும் என்ற பயமும் கிளம்பியது. கடலில் மீன் பெருகவுமில்லை, எரிபொருள் மலியவுமில்லை. வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. நவம்பரில், முன்னர் கடற்றொழில் அமைச்சுப் பொறுப்பில் இருந்த திலிப் வெதஆரச்சி செய்தியாளர்கள் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டி வந்தது! 2022 ஓகஸ்டில், சிறு வள்ளங்களை ஓட்டும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கைக் காட்டி ஏலத்தில் விலை கேட்க முடியுமா? வாங்குவோர் கையிலும் காசில்லாத ஆண்டு அது. பலர் வள்ளத்தைக் கரையேற்றி வைத்தனர்.

இவற்றிலும் இறுக்கமான முடிச்சு கடன். இயந்திரத்துக்கும் வலைக்கும் சம்மாட்டியிடமோ முதலாளியிடமோ முற்பணம் வாங்கியவர், மீனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது பல கரைகளில் வழக்கம். வட்டி என்று தனியாக எழுதமாட்டார்கள். அது கிலோவுக்குக் குறையும் ரூபாய்களில் ஒளிந்திருக்கும். முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அரிசிக்குக் காசு தருபவரும் அவரேதான். ஆனாலும் பத்து வருடம் மீன் கொடுத்தும் முதல் தீராத கடனை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதுளை மாவட்டத்தில் கடல் இல்லை. மஹியங்கனைப் பக்கம் சொரபொர, மாபாகட போன்ற குளங்கள் உண்டு. அங்கே பிரதான மீன் திலாப்பியா. அவ்வினம் 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி 1994இல் மீண்டும் தொடங்கியது. இடையில் உற்பத்தி வெகுவாக வீழ்ந்தது. குளத்து மீன் பெரும்பாலும் அணைக்கட்டிலேயே விற்கப்பட்டு, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் அயல் கிராமங்களுக்குப் போகிறது. பாதை குறுகியது, ஐஸ் செலவு குறைவு; தின்பவர் கொடுக்கும் ரூபாயில் பிடித்தவருக்குச் சேரும் பங்கு கூடலாம். ஆனால் வரட்சியில் நீர் வற்றும்போது எல்லோர் வலையிலும் மீன் ஒன்றாக விழும். அன்று அணைக்கட்டில் ஒரேயொரு வியாபாரிதான் நிற்கிறார் என்றால் விலை அவர் வாயில்.

எனவே குளத்தில் இறங்குமுன் எத்தனை வியாபாரிகள் அங்கே வருகிறார்கள், தராசு யாருடையது, மீனவர் சங்கம் ஒன்றாக நிறுத்து விற்கிறதா என்று நாலு காலை போய்ப் பாருங்கள். எவராவது வலைக்கு முற்பணம் நீட்டினால், கிலோவுக்கு எவ்வளவு கழிப்பார், கடன் எந்த மாதம் முடியும், அதுவரை வேறொருவருக்கு விற்கலாமா என்பதைக் காசைத் தொடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.