குழாயில் நீர் உறையும்போது

வீராம்பட்டினத்துக் கடற்கரையில் நின்றுகொண்டு, வீட்டுத் தண்ணீர்க் குழாய் குளிரில் உறைந்து வெடித்துவிடும் என்று சொன்னால் கேட்பவர் நகைப்பர். மார்கழி விடியலிலும் இங்கே மெல்லிய போர்வை ஒன்று போதும். தண்ணீரால் நமக்கு வரும் தொல்லைகள் வேறு வகை. கிணற்று நீரில் உப்பு ஏறுவது ஒன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் மோட்டார் ஓடாமல், தொட்டிகள் வறண்டு, குடமும் கையுமாக நம் பெண்கள் அலைந்தது மற்றொன்று. ஆயினும் உறைந்த குழாய் என்னும் தொல்லையும் இந்நாளில் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது தொலைபேசி வழியாக வருகிறது.

புதுவை மண்ணுக்கும் குளிர்நாடுகளுக்கும் உள்ள உறவு பழையது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம் என்று ஒப்பந்தம் இடமளித்தது. அவ்வாறு தெரிவித்தோரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் பாரிஸ் நகரின் புறநகர்களில் இன்று குடும்பம் குடும்பமாக வாழ்கின்றனர். கணிப்பொறி வேலைக்கென அமெரிக்கா சென்றோரும், மருத்துவமனைப் பணிக்கென இங்கிலாந்து சென்றோரும் பின்னர்ச் சேர்ந்தவர்கள். அவர்களுள் ஒருவன் ஜனவரி மாதத்து இரவொன்றில் வீட்டுக்குப் பேசுகிறான்: “அம்மா, குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளேயே உறைந்துவிட்டது.” இங்கிருக்கும் தாய் என்ன சொல்வாள்? “குழாயை நெருப்பில் காட்டு” என்பாள்; “கொஞ்சம் அடுப்புக்கரியைப் பற்றவைத்து அறைக்குள் வைத்துக்கொள், பிள்ளைகளுக்குக் குளிரும்” என்பாள். அன்பினால் எழும் இவ்விரண்டு அறிவுரைகளும் உயிருக்கே உலை வைக்கக் கூடியவை. ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

பனிக்கட்டியைப் பற்றி நம் மீனவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்து பார்த்தவர் அறிவர்: நீர் நிரப்பிய நீண்ட தகரப் பெட்டிகளை, உறைநிலைக்கும் கீழாகக் குளிர்விக்கப்பட்ட உப்புநீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கி வைத்திருப்பர். பெட்டியை வாய்வரை நிரப்புவது வழக்கமில்லை. மேலே கொஞ்சம் இடம் விட்டே ஊற்றுவர். நீர் உறையும்போது பருக்கும் என்பது அத்தொழிலாளருக்குக் கைவந்த அறிவு. ஏறத்தாழ 11 படி நீர் உறைந்தால் 12 படி இடம் வேண்டும். உறைந்த கட்டியை வெளியே எடுக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. பெட்டியைத் தூக்கிச் சாதாரண நீரில் சிறிது நேரம் அமிழ்த்துகின்றனர். ஓரம் இளகியதும் கட்டி தானாகவே வழுக்கி விழுகிறது. அதன் அடியில் எவரும் நெருப்பு மூட்டுவதில்லை. உறைந்த குழாய்க்குச் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே.

தகரப் பெட்டிக்கு மேலே திறந்த இடம் உண்டு. வீட்டுக் குழாய்க்கு அது இல்லை என்பதுதான் வேறுபாடு. ஒரு முனையில் ஊர்க் குழாயின் அழுத்தம், மறுமுனையில் மூடிய திருகு. நடுவில் எங்கேனும் குளிர் மிகுந்த மூலையில் நீர் உறைந்து பனிக்கட்டி அடைப்பாக நிற்கிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீர் போக்கிடமின்றி நெருக்குண்டு, வழக்கமான அழுத்தத்தைப்போல் பல மடங்கு அழுத்தம் பெறுகிறது. குழாயின் வலுவற்ற பகுதி பிளக்கிறது. ஆகவே உறைந்த இடம் ஒன்றாகவும் வெடித்த இடம் வேறாகவும் இருப்பது உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதனை செய்து விளக்கியுள்ளனர். பாதுகாப்பற்ற குழாய்களுக்கு, வெளிக்குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 7 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது அபாயம் தொடங்குகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மிகக் கடுங்குளிர் நாடுகளைக் காட்டிலும், வெப்பநாடு என்று நம்பப்படும் இடங்களிலேயே இத்தொல்லை பேரழிவாக முடிகிறது. கனடா போன்ற நாடுகளில் உறைபனி எட்டாத ஆழத்தில் குழாயைப் புதைத்து, வீட்டுக்குள்ளும் வெளிச்சுவரை ஒட்டாமல் கொண்டுசெல்வர். டெக்சாஸ் மாநிலத்தார்க்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அங்கே பல வீடுகளில் கூரைக்கு அடியிலுள்ள பரணிலும் வெளிச்சுவர்களிலும் போதிய உறையின்றியே குழாய் ஓடுகிறது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவில் பனிப்புயல் வந்தபோது டல்லஸ் நகரில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரியை நெருங்கியது. 45 இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்கள் மின்சாரம் இழந்தன. மின்சாரம் போனதும் வீட்டின் வெப்பம் போயிற்று. வெப்பம் போனதும் குழாய்கள் வெடித்தன. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தார் பின்னர் விசாரித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்நாள்களில் தண்ணீரின்றித் தவித்ததாகக் கூறினர். அப்புயலால் இறந்தோர் 246 பேர் என்பது அம்மாநில அரசின் கணக்கு. டல்லஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் ஆகிய மூன்று நகரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டிலும் இது புதுமையன்று. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள்களைக் காஷ்மீர மக்கள் ‘சில்லை கலான்’ என்பர். பெருங்குளிர்க் காலம் என்று பொருள். 2021 ஜனவரியிலும் 2024 டிசம்பரிலும் ஸ்ரீநகரில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 8 டிகிரியைத் தாண்டியது. தால் ஏரியின் மேற்பரப்பும் வீட்டுக் குழாய்களும் உறைந்தன. காலையில் குழாயடியில் காகிதத்தையும் சுள்ளியையும் கொளுத்தி நீரை இளக்குவது அங்கே காணும் காட்சி. தெருவில் நிற்கும் இரும்புக் குழாய்க்கு அது ஒருவாறு பொருந்தலாம். மரச்சுவரும் பஞ்சுத் திணிப்பும் கொண்ட வெளிநாட்டு வீட்டுக்குள் அவ்வாறு செய்தால், சுவரின் உட்புறத்தில் பற்றிய தீ கண்ணுக்குத் தெரியும் முன்னரே கூரையை எட்டிவிடும். குழாய்க்குள் நீர் கொதித்து நீராவியானால் அதுவே குழாயைப் பிளக்கவும் கூடும்.

அப்படியானால் என்ன செய்வது? குளிர் வருமென்று வானொலியும் தொலைக்காட்சியும் அறிவித்த மாலையே வேலை தொடங்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களுக்குக் கடையில் விற்கும் நுரை உறையை மாட்டலாம். கிடைக்காவிடில் பழைய கம்பளித் துணியைச் சுற்றிக் கட்டலாம். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயைக் கழற்றி வைக்க வேண்டும். சமையலறைத் தொட்டியின் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்தால் அறையின் வெப்பம் குழாயை எட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சுவர்ப் பக்கமுள்ள திருகை, தண்ணீரும் வெந்நீரும் இரண்டையும், இரவு முழுவதும் மெல்லச் சொட்டுமாறு விட வேண்டும். சொட்டும் நீர் உறையாமல் இருக்கும் என்பதைவிட, உறைந்தாலும் நெருக்குண்ட நீருக்குப் போக்கிடம் கிடைக்கும் என்பதே இதன் முக்கியப் பயன்.

இங்கேதான் குடும்பத்தில் ஒரு சிறு பூசல் எழுகிறது. பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் நம் ஊரிலிருந்து செல்லும் தாய்மார் பலர். ஒரு குடம் நீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள், ஒழுகும் குழாயைக் கண்டு சும்மா இருப்பாளா? நள்ளிரவில் எழுந்து, “யார் இப்படித் திறந்து போட்டது?” என்று முணுமுணுத்துக்கொண்டே இறுக மூடிவிட்டுப் படுத்துக்கொள்வாள். விடிந்தால் சுவருக்குள் குழாய் பிளந்திருக்கும். மாமியாரின் சிக்கனத்தை மருமகள் குறைகூறுவதும், மருமகளின் ஊதாரித்தனத்தை மாமியார் சாடுவதும் பிறகு எளிதில் ஓய்வதில்லை. பூசலைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஏன் சொட்டவிடுகிறோம் என்பதை முன்மாலையே பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லிவிடலாம். திருகின் கீழே ஒரு வாளியையும் வைத்துவிடலாம். சேரும் நீர் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் உதவும். அம்மாவுக்கும் மனம் ஆறும்.

ஊரார் அனைவரும் ஒரே இரவில் சொட்டவிட்டால் ஊர்க் குழாயின் அழுத்தமே குன்றிப்போகும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2021இல் ஹூஸ்டன் நகர மேயர், குழாயைத் திறந்துவைக்க வேண்டாம் என்று மக்களை வேண்டிக்கொண்ட நிலை வந்தது. அத்தகைய நேரத்தில், வீட்டுக்கு நீர் நுழையும் இடத்திலுள்ள வால்வை மூடிவிட்டு, எல்லாத் திருகுகளையும் திறந்து குழாயை வெறுமையாக்குவதே தக்கது. அந்த வால்வு எங்கே இருக்கிறது? நிலவறையிலா, மீட்டர் பெட்டியிலா, படிக்கட்டின் அடியிலா? வெளிநாட்டில் வாடகை வீடு புகும் முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டிய கேள்வி இது. வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வால்வின் திருகாணி துருப்பிடித்துச் சுழலாமல் இருந்தால் கோடையிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிச் செப்பனிடச் செய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உறைந்துவிட்டால்? முதலில் வால்வை மூடுக. வெந்நீர்க் கொதிகலனை நிறுத்துக. உறைந்த குழாயின் திருகைத் திறந்து வைத்துவிட்டு, திருகின் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல உட்புறம் நோக்கிச் சூடு கொடுக்க வேண்டும். அப்போதுதான் இளகிய நீர் வெளியே வழியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றுவது நம் கைக்கு எட்டிய முறை. தலைமுடி உலர்த்தும் மின்கருவியின் வெங்காற்றும் நன்று. ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்கருவியைப் பிடிப்பது மட்டும் ஆகாது. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். ஐஸ் கம்பெனித் தொழிலாளியின் பொறுமை இங்கே தேவை. நீர் வழியத் தொடங்கியதும் வால்வைச் சிறிதே திறந்து, சுவரோரமும் மேற்கூரையும் கசிகின்றனவா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் பனிக்கட்டி தான் செய்த பிளவைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கும். சேதம் வெளிப்படுவது குளிர் தணியும் நாளில்தான். 2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் நேர்ந்தது இதுவே. கிறிஸ்துமஸுக்கு முன் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிவரை குளிர்ந்த நாடு, விழா முடிந்த கையோடு சட்டென்று இளகியது. ஊரெங்கும் குழாய்கள் பீறிட்டன; நீர்த்தேக்கங்கள் வற்றலாயின; பல்லாயிரம் வீடுகளுக்கு முறைவைத்தே நீர் விட நேர்ந்தது. சிலர் ஒரு வாரத்துக்கும் மேலாகக் குழாய் நீரைக் காணவில்லை.

அடுப்புக்கரியைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளில் காற்று ஓட்டைவழி, ஓடுவழி, கதவிடுக்குவழி புகுந்துகொண்டே இருக்கிறது. குளிர்நாட்டு வீடோ காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டது. அங்கே கரியோ, பெட்ரோலில் இயங்கும் மின்னாக்கியோ அறைக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனக்கும், உறக்கம் வரும், பிறகு விழிப்பே வராது. டெக்சாஸில் மாண்டோருள் சிலர் இவ்வாறு மாண்டவர்களே. மின்சாரம் போன இரவில் ஒரே அறையில் எல்லோரும் கூடி, உள்ள போர்வைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு கிடப்பதே மேல். தொலைபேசியில் பேசும் தாய் சொல்ல வேண்டியது இதுதான்.

இறுதியாக விடுமுறைப் பயணம். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் பிரான்சிலிருந்து ஊருக்கு வருவோர், வீட்டைப் பூட்டும்போது செலவு மிச்சமென்று வெப்பமூட்டும் கருவியையும் அடியோடு நிறுத்திவிடுகின்றனர். அவ்வீட்டுக் குளிர் நேரே குழாயைத் தாக்குகிறது. அங்குள்ள பல வெப்பமூட்டிகளில் பனிப்பூ வடிவம் வரைந்த ஒரு நிலை உண்டு. வீட்டை ஏழெட்டு டிகிரியில் வைத்து உறையாமல் காப்பது அதன் வேலை. செலவும் குறைவு. அந்நிலையில் வைத்து, வால்வை மூடி, குழாய்களை வடித்துவிட்டுப் புறப்படலாம். வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பது அந்நாட்டுச் சட்டப்படி கட்டாயம். ஆனால் குளிர்காலத்தில் ஆளில்லா வீட்டுக் குழாய்களைக் காக்கத் தவறினால் இழப்பீட்டைக் குறைக்கும் விதிகள் பல காப்பீட்டுப் பத்திரங்களில் உள்ளன. பயணச் சீட்டு வாங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. அண்டை வீட்டாரிடம் சாவி ஒன்றைக் கொடுத்து, வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கச் சொல்லுதல் இன்னும் நல்லது.

தானே புயலின்போது நம் பெண்கள் கற்றுக்கொண்டதும் அங்கே வீணாகாது. புயல் எச்சரிக்கை வந்ததும் குடம், அண்டா, வாளி அனைத்தையும் நிரப்பி மூடிவைத்தனர் அல்லவா? குளிர் எச்சரிக்கை வந்த மாலையிலும் அதையே செய்யலாம். ஆளொன்றுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வீதம் மூன்று நாள்களுக்குக் குடிநீர். குளியல் தொட்டி நிறையக் கழிப்பறைக்கு நீர். மகன் வீட்டில் அண்டா இராது. வேகவைக்கும் பெரிய பாத்திரங்கள் எவை எவை என்று அம்மா போனிலேயே கேட்டு, ஒவ்வொன்றாக நிரப்பச் சொல்லட்டும்.