இரண்டு பலகை, ஒரு படகு

சிறிய படகை இங்கே 'சம்பான்' என்கிறோம். சீன மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு 'மூன்று பலகை' என்று பொருள் சொல்வார்கள். அடியில் ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. ஒரு படகுக்கு அடிப்படையில் வேண்டியது அவ்வளவுதான். சரி, அந்த மூன்று பலகையை வைத்து, தச்சு வேலை தெரியாத ஒருவர் தம் வீட்டு கார் போர்ச்சில் ஒரு படகு செய்ய முடியுமா?

முடியும். அதற்கு ஒரு பத்திரிகையே சாட்சி. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழ், சாதாரணக் குடும்பங்களும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு சிறு பாய்மரப் படகை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர்கள் இருவர். ஜாக் ஹோல்ட் படகு வடிவமைப்பாளர். பேரி பக்னெல் தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்த அறிவிப்பாளர். ஒலிபரப்புத் துறையில் இருக்கும் எனக்கு இந்த இரண்டாவது பெயர் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்! பத்திரிகையின் பெயரையே பெற்ற அந்த 'மிரர்' படகு இதுவரை 70,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

தைத்து ஒட்டும் முறை

அந்தப் படகைப் பிரபலமாக்கிய உத்தி மிக எளிது. ஒட்டுப்பலகையை, அதாவது பிளைவுட்டை, வடிவமாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைப்பது. பிறகு மூட்டுகளை ஃபைபர்கிளாஸ் பட்டையும் பசையும் கொண்டு ஒட்டுவது. சட்டம் கோர்த்து, பலகையை நீராவியில் வளைக்கும் பழைய தச்சுத் திறன் எதுவும் இதற்குத் தேவையில்லை.

படகைத் தைப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை 'மசூலா' படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் போட்டாலும் தைத்த படகு வளைந்து கொடுக்கும், உடையாது. அங்கே தையல் கடைசிவரை இருக்கும். இன்றைய முறையில் பசை இறுகும்வரை பிடித்துக்கொள்வதுதான் தையலின் வேலை.

என்னென்ன வேண்டும்?

6 மில்லிமீட்டர் கனமுள்ள, 8 அடிக்கு 4 அடி மரைன் பிளைவுட் இரண்டு. 'பி.எஸ். 1088' என்ற முத்திரை இருந்தால் நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகை படகுக்கு ஆகாது.

இவற்றோடு இபோக்சி பசை, 3 அங்குல அகல ஃபைபர்கிளாஸ் பட்டை, செப்புக் கம்பி அல்லது கேபிள் டை, மேல் விளிம்புக்கு மெராந்திச் சட்டங்கள், உப்புத்தாள், பெயிண்ட். கருவிகள் என்றால் டிரில், ஜிக்சா வாள், சில கிளாம்புகள். இவற்றை இரவல் வாங்கிக்கூடச் சமாளிக்கலாம்.

சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்வது முதல் வேலைக்கு மிகவும் அவசியம். பலகையில் கை வைக்கும் முன், ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் மணிலா அட்டையில் அதே படகை வெட்டி ஒட்டிப் பாருங்கள். தட்டையான மூன்று துண்டுகள் எப்படிப் படகாக எழுகின்றன என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

வெட்டுவதும் தைப்பதும்

ஒரு பலகையின் 4 அடி அகலத்தில் பக்கங்களுக்கு ஓரடி, ஓரடி, அடிப்பாகத்துக்கு இரண்டடி என்று பிரிக்கலாம். இரண்டு பலகைகளின் துண்டுகளையும் நுனியோடு நுனி சேர்த்து, பின்பக்கம் ஒரு பிளைவுட் பட்டை வைத்து ஒட்டினால் சுமார் 16 அடி நீளம் கிடைக்கும். இருவர் அமரக்கூடிய கெனுவுக்கு இது போதும்.

வளைவை வரைய ஒரு பழைய வழி இருக்கிறது. வரைபடம் சொல்லும் புள்ளிகளில் சிறு ஆணிகளை அடித்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அவற்றையொட்டி வளைத்து, பென்சிலால் கோடு இழுங்கள். சட்டம் இயல்பாக வளையும் வளைவுதான் தண்ணீருக்கும் பிடித்த வளைவு. பக்கப் பலகைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே நேரத்தில் வெட்டுங்கள். இரண்டும் ஒரே அச்சாக இருக்க வேண்டும்.

ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று துளை போடுங்கள். பக்கப் பலகைகளின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, நடுவில் தற்காலிகச் சட்டம் ஒன்றை வைத்து விரித்தால் படகு உருவம் தெரியும். அதைக் கவிழ்த்து, அடிப்பலகையை மேலே வைத்துக் கோடு வரைந்து, வெட்டித் தையுங்கள்.

இப்போது நிறுத்துங்கள். ஒரு டீ குடியுங்கள். பிறகு படகின் இரு முனைகளுக்கும் அருகே குறுக்காக ஒவ்வொரு நேரான குச்சியை வைத்து, ஒரு முனையில் குனிந்து பாருங்கள். இரண்டு குச்சிகளும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கம்பியைத் தளர்த்தி இப்போது சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பசை இறுகிய பிறகு சரிசெய்யவே முடியாது. முறுக்கிய படகு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் வெயிலும் இபோக்சியும்

மேற்கத்திய நாட்டுக் கையேடுகள் குளிருக்கு எழுதப்பட்டவை. நம் வெப்பத்தில் இபோக்சி வேகமாக இறுகும். கோப்பை நிறையக் கலந்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையக்கூடும். ஆகவே 'ஸ்லோ' வகை ஹார்டனரை வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கள். காலை நேரத்தில் வேலையை முடியுங்கள். டப்பாவில் போட்ட அளவு விகிதத்தை அப்படியே பின்பற்றுங்கள். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள். பசைதான் பலவீனமாகும்.

மரத்தூள் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குப் பசையைக் கெட்டியாக்கி, உள்மூட்டுகளில் தடவி வழித்துவிடுங்கள். அதன்மேல் ஃபைபர்கிளாஸ் பட்டை. இறுகியதும் கம்பிகளை எடுத்துவிட்டு, வெளிமூட்டுகளை உருட்டித் தேய்த்து அங்கேயும் பட்டை ஒட்டுங்கள். ஈரக்காற்றில் காய்ந்த இபோக்சியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள்.

கையுறை இல்லாமல் இபோக்சியைத் தொடவே கூடாது. அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாமலும் இருக்கலாம். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். இபோக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் கடைசியில் பெயிண்டோ வார்னிஷோ அடித்தே தீரவேண்டும்.

தண்ணீரில் இறக்கும் முன்

மரம் மிதக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீர் நிரம்பிய மரப்படகு உங்களைத் தாங்காது. அதனால் இரு முனைகளிலும் தண்ணீர் புகாதபடி மூடிய காற்று அறைகளைக் கட்டாயம் அமைக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் நீங்கள் பற்றிக்கொள்ளப்போவது அவற்றைத்தான். இடத்தை அடைக்கிறதே என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாள், இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில், கரையோரமாகவே வேண்டுமென்று கவிழ்த்துப் பாருங்கள். நீர் நிரம்பிய படகு மிதக்கிறதா, அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மிதக்க முடிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே ஆழத்துக்குப் போகலாம். நீச்சல் தெரிந்தவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். படகில் நிற்காதீர்கள். தாழ்வாக உட்காருங்கள்.

ஏரியோ ஆறோ, அதை நிர்வகிப்பவரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். முதலை இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரரிடம் விசாரியுங்கள். நம் நாட்டில் மாலை நேரத்து இடிமழை சொல்லிவிட்டு வருவதில்லை. காலையில் இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிடுவது நல்லது. ஆண்டிறுதி வெள்ளத்துக்கு உதவுமே என்று இந்தப் படகை எண்ணிவிட வேண்டாம். அடித்துச் செல்லும் வெள்ளமும், அதில் மறைந்திருக்கும் வேலிக்கம்பியும் மரக்கிளையும் இந்த மெல்லிய படகுக்கு ஏற்றவை அல்ல.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அவசரம் வேண்டாம். கடையில் வாங்கிய படகில் ஏறும்போது அதைச் செய்தவரை நம்பி ஏறுகிறோம். இதில் ஏறும்போது நம்ப வேண்டியது உங்கள் கையைத்தான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் அந்த மணிலா அட்டைப் படகைச் செய்யுங்கள். அது பிடித்துவிட்டால், பிளைவுட் வாங்க ஹார்ட்வேர் கடைக்குக் கிளம்பலாம்.