சக்கர பேரிங் வாங்கப் போகிறீர்களா?

பல்கலைக்கழகத்தில் கார் வைத்திருக்கும் மாணவர்களில் பலர், அப்பாவோ அண்ணனோ ஓட்டிவிட்டுக் கொடுத்த பழைய காரைத்தான் ஓட்டுகிறோம். டயரையும் எண்ணெயையும் பார்த்துக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத சக்கர பேரிங் மட்டும் சத்தம் போடும்வரை நம் நினைவுக்கு வருவதில்லை.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் பேரிங் பற்றிப் படித்த அதே பருவத்தில், ஸ்கூடாயிலிருந்து சிரம்பானுக்கு நான் ஓட்டிப்போகும் மைவியின் முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. விசாரித்ததில் மூன்று விலைகள் கிடைத்தன. பெயர் தெரியாத பெட்டியில் வந்தது 35 ரிங்கிட். பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தினுடையது 95 ரிங்கிட். ஹாஃப் கட் கடையில் பழைய காரிலிருந்து கழற்றியது 20 ரிங்கிட். கல்விக் கடனில் மாதத்தை ஓட்டுகிற மாணவனுக்கு 60 ரிங்கிட் வித்தியாசம் என்பது ஒரு வாரச் சாப்பாடு. அதனால் எதற்காக அவ்வளவு வித்தியாசம் என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் சத்தம் எங்கிருந்து?

பேரிங் கெட்டால் வரும் ஊளைச் சத்தம், வேகம் கூடக் கூட உயரும். தேய்ந்த டயரும் இதேபோல் இரையும். ஆனால் டயர் சத்தம் சாலையின் மேற்பரப்பு மாறும்போது மாறும். பேரிங் சத்தம் பெரும்பாலும் மாறாது. இன்னொரு குறிப்பும் உண்டு. கார் இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அப்போது சத்தம் அதிகரித்தால், வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பட்டறையில் காரைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். சுருள்வில்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கே தெரியும். இந்தச் சோதனைக்குமுன் பேரிங் வாங்காதீர்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். சக்கரத்தில் ஆட்டம் விழுந்தால் டயர் ஒழுங்கற்றுத் தேயும். முற்றிப்போனால் சக்கரமே நிலைகுலையும்.

உள்ளே இருப்பது என்ன?

முன்சக்கர பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் இடையே இரு வரிசை எஃகு குண்டுகள், அவற்றை இடைவெளிவிட்டு நிறுத்தும் கூண்டு, கிரீஸ், இருபுறமும் சீல் ஆகியவை இருக்கும். எஃகில் சுமார் 1 விழுக்காடு கார்பனும் 1.5 விழுக்காடு குரோமியமும் கலந்திருக்கும். ஜப்பானியத் தரத்தில் இதன் பெயர் எஸ்யுஜே2. எஃகின் தூய்மை, சூடேற்றிக் கடினப்படுத்தும் முறை, குண்டின் உருண்டை வடிவத்தில் மைக்ரான் அளவிலான துல்லியம் ஆகியவற்றில்தான் பணம் செலவாகிறது.

ஐஎஸ்ஓ 281 தரத்தில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. குண்டு பேரிங்கின் மீது விழும் சுமை இரு மடங்கானால், அதன் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். அந்த ஆயுள்கூட, ஒரே மாதிரியான நூறு பேரிங்குகளில் தொண்ணூறு தாக்குப்பிடிக்கும் அளவுதான். நல்ல நிறுவனம் தன் பேரிங்கின் சுமைத் திறனைச் சோதித்து, அட்டவணையில் எழுதிப் பொறுப்பேற்கிறது. பெயரில்லாத பெட்டிக்கு அப்படிப் பொறுப்பேற்க ஆள் இல்லை. நம் சாலைக் குழிகளில் இடிபட்டால் வளையத்தில் பள்ளம் விழலாம். வெள்ளத்தில் ஓட்டினால், சீல் தரமில்லாத பேரிங்குக்குள் நீர் புகுந்து துருவை உண்டாக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

முதலில் உதிரிபாக எண்ணைக் கேளுங்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு, ஏபிஎஸ் இருப்பதற்கும் இல்லாததற்கும் பேரிங் மாறக்கூடும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். அளவு பொருந்தினாலும் அந்த வளையம் இல்லாவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யாது.

அடுத்து, தயாரித்தவர் யார் என்று பாருங்கள். கார் நிறுவனத்தின் முத்திரை உள்ள பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, டிம்கன் போன்றவை கார் தொழிற்சாலைகளுக்கும் பேரிங் கொடுப்பவை. அதே தரம் அவர்களின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். ‘மேட் இன் ஜப்பான்’ என்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஜப்பானிய நிறுவனங்களுக்குத் தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் ஆலைகள் இருக்கின்றன.

மூன்றாவது, போலி. பெயர்பெற்ற பேரிங்குகளுக்குத்தான் போலி அதிகம். பெட்டியில் உள்ள எண்ணும் வளையத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா, அச்சு மங்கலாக இருக்கிறதா, விலை சந்தைவிட மிகக் குறைவா என்று பாருங்கள். அச்சு மட்டும் போதிய ஆதாரமாகாது. உலக பேரிங் சங்கத்தின் கைப்பேசிச் செயலியில், அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் பெட்டிக் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கலாம். அங்கீகரிக்கப்பட்ட விநியோகிப்பாளரிடம் வாங்குவது இன்னும் பாதுகாப்பு. கையால் சுற்றிப் பார்த்து ‘வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, நல்ல சாமான்’ என்று முடிவுக்கு வராதீர்கள். நல்ல சீலும் புதிய கிரீஸும் உள்ள பேரிங் சற்று இறுக்கமாகவே சுற்றும்.

ஹாஃப் கட் பேரிங் வேண்டவே வேண்டாம். அழுத்திப் பொருத்திய பேரிங்கைக் கழற்றும்போது விசை குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் தடம் பதியும். சேதம் கண்ணுக்குத் தெரியாது, ஓட்டும்போதுதான் கேட்கும்.

பொருத்துவதில் பாதி ஆயுள்

நல்ல பேரிங்கையும் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அன்றே கெட்டுவிடும். பிரஸ் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் போங்கள். பேரிங்கை உள்ளே செலுத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். காந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். அச்சு நட்டைப் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். இவற்றைச் செய்வீர்களா என்று போமேனிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

என் கணக்கு இப்படி முடிந்தது. கூலி 80 ரிங்கிட். மலிவு பேரிங் என்றால் மொத்தம் 115, நல்லது என்றால் 175. மலிவானது சீக்கிரம் கெட்டு மறுபடி மாற்றினால் 230. நான் 95 ரிங்கிட் பேரிங்கை வாங்கினேன்.

ரசீதில் நிறுவனப் பெயரையும் உதிரிபாக எண்ணையும் எழுதி வாங்குங்கள். பழைய பேரிங்கையும் கேட்டு வாங்குங்கள். கடையும் பட்டறையும் கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ரசீதுதான்.