கட்டணம் இல்லை என்றால் மட்டும் போதுமா?

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களின் கண்ணில் அருவிகள்தான் படும். சுற்றியுள்ள கிராமங்களுக்குள் போனால் வயல் வேலை, பீடி சுற்றுதல் என்று அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பங்கள் ஏராளம். இந்த வீடுகளில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகக் கட்டணம் மட்டுமே காரணமில்லை. அரசுப் பள்ளியில்தான் கட்டணமே கிடையாதே! காலைச் சாப்பாடு, போகவரப் பஸ், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள்... இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் படிப்பு தடுமாறும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இது எல்லோருக்கும் புரிந்தது. ஸ்மார்ட்போன் இருந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. இல்லாத பிள்ளைக்கு?

அந்த நேரத்தில் தென்காசி அருகே மத்தளம்பாறையில் வசித்துவந்த ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, மூன்று குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். சில மாதங்களிலேயே எண்ணிக்கை 50-ஐத் தாண்டியது. ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். இந்த முயற்சிதான் கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. படிப்பு இலவசம் என்பதோடு நிற்கவில்லை. தொடக்கத்திலேயே இரண்டு வேளைச் சாப்பாடும் மாலைச் சிற்றுண்டியும் கொடுத்தார்கள்.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது தென்மாவட்டங்களுக்குப் புதிய செய்தி அல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது எட்டயபுரத்தில்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது.

மதிப்பெண்ணைவிடத் திறமைதான் முக்கியம் என்பது வேம்புவின் கொள்கை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் மென்பொருள் பயிற்சி தரும் பள்ளியை 2004-லேயே தொடங்கிய நிறுவனம் அவருடையது. தென்காசியிலும் அது நடக்கிறது. பயிற்சி கொடுப்பவரே வேலையும் கொடுக்கும்போது சான்றிதழ் பெரிய விஷயமில்லை. ஆனால், எல்லா இலவசப் பள்ளிக்குப் பின்னாலும் ஒரு நிறுவனம் நிற்பதில்லை.

அதனால், எந்த ஊரில் எந்த இலவசக் கல்வி மையத்தில் பிள்ளையைச் சேர்த்தாலும் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை எந்த வாரியத்தின் கீழ் எழுத வைப்பார்கள்? பாதியில் வெளியேறினால் வேறு பள்ளியில் சேர வழி இருக்கிறதா? சாப்பாடு, பஸ் செலவு யார் பொறுப்பு?

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. இலவசமாகக் கிடைக்கிறதே என்று பெற்றோர் கூச்சப்படவோ, கேள்வி கேட்கப் பயப்படவோ வேண்டியதில்லை.