ஓசி நெட்டா? காசு கட்டியாச்சு பாஸ்!

டி.என்.பி.எஸ்.சி.க்கு அப்ளை பண்ணணும். லேப்டாப் கிடையாது, போனில் டேட்டா காலி. நூலகத்துக்குப் போய் நெட் கேட்கக் கூச்சமா? எதுக்குங்க கூச்சம்? உங்க வீட்டுச் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகவும் போகுது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி அது. (வாடகை வீடா? ஓனர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்லியிருப்பார்!)

சிக்கல் எங்கேன்னா, வசூல் பண்றது மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேரணும். பல ஊர்களில் கோடிக்கணக்கில் பாக்கின்னு பேப்பரில் எத்தனையோ தடவை வந்தாச்சு. வர்ற பணத்தில் புத்தகம், கட்டட வாடகை, கரன்ட் பில்னு போக மிச்சம்தான் நெட்டுக்கு. கம்ப்யூட்டர் வாங்குறது ஒரு தடவை செலவு, திறப்பு விழா போட்டோவும் கிடைச்சிடும். பிராட்பேண்ட் பில் மாசாமாசம் வரும். யூ.பி.எஸ். பேட்டரி சில வருஷத்தில் படுத்துடும். அதுக்கு யார் ரிப்பன் வெட்டுவாங்க?

உங்க ஊர் நூலகத்தில் கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தா, நூலகர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பாவம், அவர் என்ன பண்ணுவார்? நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு கொடுத்தீங்கன்னு உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்க. கட்டணம் 10 ரூபாய்தான்.