‘எங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல’ன்னு சொல்றவரா நீங்க? கோட்டுச்சேரி போர்டுகளை ஒருமுறை படிங்க!

“உங்க ஊர்ல என்ன மச்சி ஃபேமஸ்?” - ஹாஸ்டலில் யாராவது இப்படிக் கேட்டால், கோட்டுச்சேரிக்காரர்கள் பலர் சொல்லும் பதில், “காரைக்கால் பக்கம்டா... திருநள்ளாறு தெரியும்ல?” அதோடு பேச்சு முடிந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கோ, இது தரங்கம்பாடி போகிற வழியில் பெட்ரோல் போடுகிற இடம். (பெட்ரோல் மட்டுமா என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது!)

தினமும் பார்க்கிற எதையும் மூளை ஒருகட்டத்தில் கவனிப்பதை நிறுத்திவிடும். சொந்த ஊருக்கும் அதே கதிதான். அதனால் புதுசா எதையும் தேடிப் போக வேண்டாம். பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற பெயர்ப்பலகைகளையே இன்னொரு தடவை படியுங்கள்.

‘கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து’. நண்டலாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் ‘ஊராட்சி ஒன்றியம்’. இங்கே மட்டும் ஏன் ‘கொம்யூன்’? 1739-ல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், 1954 நவம்பர் 1-ல் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அவங்க போயிட்டாங்க, வார்த்தை மட்டும் போர்டிலேயே தங்கிடுச்சு.

அடுத்து, பக்கத்திலிருக்கும் காசாக்குடி. காலேஜில் வரலாறு படிக்கிற யாரையாவது ‘காசக்குடிச் செப்பேடு’ பற்றிக் கேட்டுப்பாருங்கள், உடனே தலையாட்டுவார்கள். 1879-ல் இந்த ஊரில் கிடைத்த 11 செப்பேடுகள் அவை. 8-ம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்மப் பல்லவனுடையவை. மன்னர் வாரிசில்லாமல் இறந்தபோது, பல்லவ வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இவனை மக்களே தேர்ந்தெடுத்தார்கள் என்கிற தகவல் அதில் இருக்கிறது. தானம் கொடுத்த ஒரு கிராமத்துக்கு எந்தெந்த வரி கிடையாது என்றும் நீளமாகச் சொல்கிறது. செக்கு, தறி, குயவர் தொழில், நெய் என்று போகிறது லிஸ்ட். அந்தக் காலத்து மக்கள் எதற்கெல்லாம் வரி கட்டினார்கள் என்று நமக்குத் தெரிவது இதனால்தான். பல்லவர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பெயரைத் தொடாமல் போக முடியாது. நமக்கோ அது ஒரு பஸ் ஸ்டாப்!

கடற்கரைப் பக்கம் திரும்பினால் திருவேட்டக்குடி. 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. புதுச்சேரி இங்கேதான் இருக்கிறது. பல மாநிலப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அதே ஊரில்தான் சம்பந்தர் தேவாரம் பாடிய கோயிலும் இருக்கிறது. இங்கே சிவன் வேடன். அர்ஜுனன் தவம் செய்தபோது வில்லோடு வேட ரூபத்தில் வந்தார் என்பது தலபுராணம். அம்பாள் மீனவர் வீட்டில் பிறந்த பெண் என்றும் சொல்கிறார்கள். அதாவது கடலோரக் குப்பங்களுக்கு இந்தச் சாமி சொந்தக்காரர்! மாசி மகத்தன்று வில்லேந்திய சுவாமி மண்டபத்தூர் கடற்கரைக்கு வருவார். சுற்றியுள்ள மீனவ ஊர்கள் திரண்டுவந்து வரவேற்கும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி புகுந்த அதே கரை. அந்தக் கடலுக்கு முன்னால், சொந்தக்காரரை வரவேற்கிற மாதிரி கூட்டமாக வந்து நிற்கிறார்கள் பாருங்கள், அதை ரீல்ஸில் பார்த்தால் புரியாது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊருக்கு வருகிற ஆளா நீங்கள்? அடுத்த மாசி மகத்துக்கு ஒருநாள் லீவு போடுங்கள். அந்த ஹாஸ்டல் ஃப்ரெண்டையும் கூட்டிட்டு வாங்க. மணலில் நடக்க வேண்டியிருக்கும், ஷூ வேண்டாம்னு சொல்லிடுங்க.