பயம் வேண்டாம், அது பல்லுறுப்புக் கோவைதான்!



முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் போர்டில் "பாலினாமியல்" என்று எழுதியதும் நம்மில் பாதிப் பேர் திருதிருவென்று முழித்தோம். தமிழ் மீடியத்தில் படித்த அதே பல்லுறுப்புக் கோவைதான் அது என்று யாரும் சொல்லவில்லை. என் பெஞ்சு நண்பன் ஒருவன் "ஒண்ணும் புரியலடா" என்று முதல் செமஸ்டரோடு நின்றே விட்டான். அவன் வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. என் வீட்டிலும் இல்லை, பள்ளிக்கூடம் தாண்டியவன் நான்தான் முதல். அதனால் இந்தக் கட்டுரையை அவனுக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன்.

பௌர்ணமி அன்று ரமணாசிரமம் எதிரே செங்கம் ரோட்டில் பூக்கார அக்காவிடம் 3 முழம் மல்லி, 5 ரோஜா வாங்குகிறோம். பிறகு இன்னும் 2 முழம், 4 ரோஜா. மொத்தம் 5 முழம், 9 ரோஜா. இதைப் போய் யாராவது 14 என்பார்களா? ஒத்த உறுப்புகளைத்தான் கூட்ட வேண்டும் என்ற விதி இவ்வளவுதான்.

எக்ஸ் என்றாலே சிலருக்கு அலர்ஜி, ஆகவே "ப" என்று வைத்துக்கொள்வோம். 347 என்பது 3 நூறு, 4 பத்து, 7 ஒன்று. பத்தை "ப" என்றால் 3ப² + 4ப + 7. பார்த்தீர்களா, ஒன்றாம் வகுப்பிலிருந்தே நாம் எழுதி வந்தது பல்லுறுப்புக் கோவைதான்! (படி 0, 1, 2, 3 என்று முழு எண்ணாகத்தான் இருக்கணும். ப வர்க்கமூலத்துக்குள்ளோ வகுக்கும் இடத்திலோ போய்விட்டால் இந்தப் பெயர் கிடையாது.)

23-ஐ 14-ஆல் பெருக்குவோம். (2ப + 3)(ப + 4) = 2ப² + 8ப + 3ப + 12 = 2ப² + 11ப + 12. ப-வுக்கு 10 போட்டால் 200 + 110 + 12 = 322. சரிதானே? சாதாப் பெருக்கலில் "கையில் ஒண்ணு" என்று தூக்கிக்கொண்டு போவோம். ப எவ்வளவு என்றே தெரியாதபோது கையில் வைக்க வழியில்லை, 11ப அப்படியே நிற்கும். என்னைக் கேட்டால் இதுதான் சுலபம்.

மிகப் பெரிய படி 2 என்றால் இருபடி, 3 என்றால் முப்படி. இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் நமக்கு மனப்பாடம். 1902-ல் கும்பகோணத்தில் பள்ளி மாணவர் ராமானுஜன் முப்படியைத் தீர்க்கக் கற்றுக்கொண்டு, நாற்படிக்குத் தாமே ஒரு முறை கண்டுபிடித்தார். அடுத்து ஐம்படியில் இறங்கினார், முடியவில்லை. ஐம்படிக்கு அப்படி ஒரு பொதுச் சூத்திரம் இருக்கவே முடியாது என்று நார்வே நாட்டு ஆபெல் 1824-லேயே நிரூபித்திருந்தார். அந்தச் செய்தி கும்பகோணத்துப் பையனுக்கு எட்டவில்லை. புடவைக் கடை குமாஸ்தாவின் மகன் அவர். பிறகு கல்லூரித் தேர்வில் கணக்கு தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டார் என்பது அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்காக!

"சரி, இது எதுக்குடா உதவும்?" என்பீர்கள். வொர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். 30 செ.மீ. சதுரத் தகடு. நான்கு மூலையிலும் ப செ.மீ. சதுரம் வெட்டி மடக்கினால் ட்ரே. உயரம் ப, அடிப்பக்கம் 30 − 2ப. கொள்ளளவு ப(30 − 2ப)², அதாவது 4ப³ − 120ப² + 900ப. அதிகம் வெட்டினால் ஆழம் கூடும், ஆனால் அடி சுருங்கும். எவ்வளவு வெட்டினால் அதிகம் கொள்ளும்? தகட்டை வீணாக்காமல் பேப்பரிலேயே பார்க்கலாம். ப = 4 என்றால் 1936 கன செ.மீ., 5 என்றால் 2000, 6 என்றால் 1944. ஐந்துக்குப் பக்கத்தில் 4.9, 5.1 போட்டாலும் 2000-ஐத் தொடவில்லை, இரண்டுமே சுமார் 1999.4 தான். சும்மா போட்டுப் பார்த்தே இதைப் பிடித்துவிட்டோம். டிஃபரன்சியேஷன் படித்தவர்கள் இரண்டே வரியில் முடிப்பார்கள்.

24 செ.மீ. தகடானால் எவ்வளவு வெட்டணும்? போட்டுப் பாருங்கள், விடை முழு எண்ணாகவே வரும்.